வெள்ளைப் பாத்தியருகே ஒரு ஞாயிறு

எங்கள் பக்கத்தில் நாள்காட்டி சுவரில் தொங்கும். ஆனால் பேச்சில் வராது. பிள்ளை பிறந்தது ஹயசிந்த் பூவின் வாசனை வீட்டுக்குள் நுழைந்த வாரம் என்போம். கடன் தீர்ந்தது கிழங்கு தோண்டிய மாதம் என்போம். பனி நீடித்த வருடத்தில் எல்லாமே பதினைந்து நாள் பின்னால் போகும். அப்போது பிறந்தநாளைக்கூடத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வோம். கடற்கரை மணல்மேட்டுக்கு இந்தப் புறம், கால்வாய்களுக்கு நடுவே, மூன்று தலைமுறையாகப் பூக்கிழங்கு பயிரிட்டு வாழ்கிற ஊர்களில் இது ஒரு வழக்கம்.

ஆகவே லிட்வின் எழுதிய அஞ்சலட்டையில் தேதி இல்லாதது கிரைனுக்கு வியப்பாகப் படவில்லை.

கிரைன் என் அடுத்த வீட்டுக்காரர். அறுபத்திரண்டு வயது; நிலத்தை மகளிடமும் மருமகனிடமும் ஒப்படைத்துவிட்டவர். அவர் மனைவி கெர்ரிட்யே இறந்து ஆறு வருடமாகியிருந்தது. நல்ல பெண்மணி, அவருடன் கிரைன் நல்லபடியாகவே வாழ்ந்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் அந்த அட்டையை எனக்குப் படித்துக் காட்டினார். ஒருமுறை படித்தது போதாமல் இன்னொரு முறையும் படித்தார்.

"என் கணவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. கடைசி மெழுகுவர்த்தி பூக்கும்போது நான் தோட்டத்துக்கு வருகிறேன். எந்தப் பாத்தி என்று உனக்குத் தெரியும். லிட்வின்."

கடைசி மெழுகுவர்த்தி என்பது ஒரு பழைய துலிப் வகை. வெள்ளை நிறம், ஒடிசலான உடம்பு. மற்ற துலிப்பெல்லாம் உதிரத் தொடங்கிய பிறகுதான் விரியும். காம்பு பலமில்லாதது என்பதால் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. எங்கள் பக்கத்தில், ஜனங்கள் சீட்டு வாங்கிப் பார்க்கிற பெரிய தோட்டத்தில் மட்டும், குளத்தோரத்தில் பீச் என்கிற உயர்ந்த நிழல்மரங்களுக்குக் கீழே, பழைய ஆட்கள் கேட்கிறார்கள் என்பதற்காக ஒரு பாத்தி நிறைய நடுகிறார்கள்.

லிட்வின் வடக்கே, அன்னா பாவ்லோவ்னா என்ற ஊரில், மகனுடைய பண்ணையில் இருந்தார். போன் செய்து நாளைக் கேட்டுக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"பூக்கிற நாள் பூவுக்கே தெரியாது வாத்தியாரே, அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கிரைன்.

அந்த வருடம் மே மாத முதல் திங்கட்கிழமை பூத்தது. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், கிரைன் ஞாயிறன்று கோயிலுக்குப் போகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாரநாள் காலையில், சைக்கிளைத் தள்ளியபடி என் வாசலில் நின்றார். முகத்தை மழித்த இடத்தில் இரண்டு வெட்டு.

"நீயும் வா," என்றார். "தனியா உக்காந்தா ஊரே பாக்கும். ரெண்டு கிழவனுங்க உக்காந்தா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

பருவம் முழுவதும் செல்லும் நுழைவுச்சீட்டு இருவரிடமும் இருந்தது. தோட்டம் அன்று தன் முழு அழகில் நின்றது. நீல மஸ்காரிப் பூக்கள் ஆறுபோல மரங்களுக்கிடையே வளைந்து ஓடின. அந்த ஆற்றின் கரையில் சிவப்பும் ஆரஞ்சுமாகத் துலிப் கூட்டம், அடியில் அங்கங்கே உதிர்ந்த இதழ். புல்தரை ஓரங்களில் தாமதித்த டாஃபடில் பூக்கள் சில, கிளம்ப மனமில்லாத விருந்தாளிகளைப்போல. வெளியூர்க்காரர்கள் மண்டியிட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்ப்பது நிறத்தை. எங்கள் ஊர்க்காரர்கள் பார்ப்பது நோயை. கிரைன் ஒவ்வொரு பாத்தியையும் கடக்கும்போது இலையில் கோடு விழுந்திருக்கிறதா, இதழில் வேற்று நிறம் ஓடுகிறதா என்று கண்ணை ஓட்டினார். நாற்பது வருடம் வரிசை வரிசையாக நடந்து, நோய்கண்ட செடியைப் பிடுங்கி எறிந்த கண். அது ஓய்வூதியம் வாங்கவில்லை.

குளத்தோரம் போனதும் அந்தக் கண் நின்றுவிட்டது. வெள்ளைப் பாத்தியில் பாதி விரிந்திருந்தது, பாதி மொட்டு. பீச் மரத்தின் இளந்தளிர் வழியே வந்த வெளிச்சத்தில் பூக்கள் லேசான பச்சையாகத் தெரிந்தன. எதிரே ஒரு மரப்பலகை இருக்கை. கிரைன் அதன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். மறு ஓரத்தில் நான் உட்காரப் போனபோது அந்த இடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் நடுவில் உட்கார்ந்தேன்.

அப்படி ஆறு நாள். காலை பத்து மணிக்கு வருவோம். குடுவையில் காபி, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. எங்கள் வயதை ஒத்த பெண் யாராவது அந்த வளைவில் திரும்பினால் கிரைனுடைய முதுகு நிமிரும். அவள் கடந்து போனதும் மெல்லத் தளரும். நான் பார்க்காததுபோலக் குளத்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் நாள், பொழுது போகாமல், நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். ஒரே குழியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கிழங்குகள் இருந்தன. மேலே குரோக்கஸ், நடுவில் டாஃபடில், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துலிப். முதலில் குரோக்கஸ் மேலே போய்வந்து, வசந்தம் என்பது வெறும் குளிர், போய்ப் பார்க்கிற அளவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போயிற்று. பிறகு டாஃபடில் போய்வந்து, வசந்தம் என்பது வெறும் காற்று, தலையை நிமிர்த்த விடுவதில்லை என்று சொல்லிவிட்டு அதுவும் தூங்கிப்போயிற்று. இதையெல்லாம் கேட்ட துலிப் போகலாமா வேண்டாமா என்று நெடுநாள் யோசித்தது. கடைசியில் போயிற்று. போனால், மேலே வெயில் இருந்தது, தேனீ இருந்தது, குயில் கூவியது. ஓடிவந்து சொல்லலாமென்று கீழே பார்த்தது, இரண்டும் அசையவில்லை.

"அப்ப அது யார்கிட்டச் சொல்லிச்சு?" என்றார் கிரைன்.

கதை அவ்வளவுதான் என்றேன்.

"முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு இப்படித்தான் பாதியில விட்டியா? பாவம் அதுங்க." பிறகு தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல, "எதுக்குத்தான் அவ்வளவு ஆழத்துல நடுறாங்களோ," என்றார்.

சனிக்கிழமை மாலை, வாயிலில் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். கிரைன், ஞாயிறன்று எந்த வேலையும் கூடாது என்கிற சீர்திருத்தச் சபைக்காரர். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கான உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே தோல் சீவி நீரில் போட்டுவிடுவார்கள். கொடியில் துணி காயாது. பேரப்பிள்ளைகளின் ஊஞ்சலைக்கூட மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை கோயில், நடுவில் காபி. ஞாயிறன்று தோட்டத்துக்குள் காலெடுத்துவைப்பது என்பது அந்த வீட்டில் பேச்சுக்குக்கூட வராது. நான் எந்தச் சபையிலும் ஒழுங்காக உட்கார்ந்தவனல்ல என்பதால் எனக்கு அது சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

"நாளைக்கு ஞாயிறு," என்றார் அவர்.

"அவங்க நாளைக்கு வந்துட்டா?"

"வரமாட்டா. ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேங்கிறது இந்த உலகத்துல வேற யாரையும்விட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். மீதி ஆறு நாள்ல என்னைக்கு வேணும்னாலும் வருவா. அன்னிக்கு மட்டும் வரமாட்டா."

இதற்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்குமே தெரியும். நாற்பத்தோரு வருடங்களுக்கு முன், கிழங்கு உரிக்கிற கொட்டகையில், ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் அவர்கள். அவள் கத்தோலிக்கப் பெண். அந்த நாளில் எங்கள் ஊரில் கத்தோலிக்கர் ரொட்டிக்கடையில் சீர்திருத்தச் சபைக்காரர் ரொட்டி வாங்கமாட்டார்; பெண் கொடுப்பது எங்கே? கொட்டகையில் பேச்சு வேகமாகவும் விரல் அதைவிட வேகமாகவும் ஓடும். அவர்கள் இருவரின் கூடை மட்டும் சாயங்காலம் பாதிதான் நிறைந்திருக்கும் என்று மேஸ்திரி எல்லோர் எதிரிலும் சொல்லிச் சிரித்தாராம்.

அடுத்த வசந்தத்தில் லிட்வின் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்துவிட்டாள். ஞாயிறு பிற்பகல் மட்டுமே விடுமுறை. பெரிய தோட்டம் திறந்து அது இரண்டாவது வருடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வெள்ளைப் பாத்தியருகே வா, வந்தால் அன்று மாலையே வீட்டில் சொல்லிவிடுகிறேன், என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று அவள் சொல்லி அனுப்பினாள். அன்று இரண்டு மணிக்குக் கிரைன் தன் தகப்பனுக்கும் தமையனுக்கும் நடுவே, இரண்டாம் ஆராதனையில், வாயில் பெப்பர்மிண்ட்டோடு உட்கார்ந்திருந்தான். தோட்டம் சாத்தும்வரை அவள் பாத்தியருகே நின்றாள். இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்த ஒரு பயிர்க்காரரை மணந்துகொண்டு போனாள். இவ்வளவுதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் கெட்டவரில்லை.

அந்த ஞாயிறு கழிந்தது. கிரைன் இருமுறை கோயிலுக்குப் போய்வந்தார். நான் என் தோட்டத்தில் பட்டாணிக்குக் குச்சி நட்டேன்.

திங்கட்கிழமை முதல் வெயில் கடுமையாயிற்று. மே மாதத்தில் எங்களுக்கு அப்படி வெயில் வருவது அபூர்வம். வந்தால் துலிப்புக்கு ஆகாது. வெள்ளைப் பூக்கள் நடுப்பகலில் தட்டுப்போல மல்லாந்து விரிந்தன. மாலையில் மூடிக்கொள்ளத் தெம்பில்லாமல் அப்படியே கிடந்தன. செவ்வாய்க்கிழமை முதல் இதழ் விழுந்தது. கிரைன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தப் பூ எத்தனை நாள் தாங்கும் என்று மணி பிசகாமல் சொல்லத் தெரியும், தெரியாமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

புதன்கிழமை எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வடக்கில் கடல்காற்று அதிகம். அங்கே எல்லாமே பத்துப் பதினைந்து நாள் தாமதித்துத்தான் பூக்கும். லிட்வின் தன் வயலைப் பார்த்துத்தான் காலத்தைக் கணக்கிடுவார், அவருடைய மெழுகுவர்த்தி இன்னும் மொட்டாகவே இருக்கும், அதனால்தான் வரவில்லை. இதைச் சொன்னதும் கிரைனுடைய முகம் மாறிய விதத்தை நான் மறக்கமாட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். இது தெரியாமல் இத்தனை வருடம் கிழங்கு விற்றேனா என்றார். அன்று அவர் தன் ரொட்டியையும் தின்று என்னுடையதிலும் பாதியைத் தின்றார்.

வியாழக்கிழமை நாங்கள் போனபோது பாத்தியின் நடுவே யிக்கே நின்றிருந்தாள். தோட்ட வேலைக்காரி, முப்பது வயதிருக்கும், கால்வாய்க்கு அப்புறத்து ஊர். கையில் கூடை. வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய முக்கால் பாத்தி முடிந்துவிட்டது. வெறும் பச்சைக் காம்புகள், விரல்களைப்போல, மேல்நோக்கி நின்றன.

எங்களைப் பார்த்ததும் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டுவைக்கலாமென்றுதான் கேட்டேன், அழுகல் பரவும் என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். ஒடிக்கத்தான் வேண்டும் என்று கிரைன் அவளுக்குச் சமாதானம் சொன்னார். தானே லட்சக்கணக்கில் ஒடித்திருப்பதாகவும், அதுவும் வாடும்வரை காத்திராமல், பூத்த மூன்றாம் நாளே, கிழங்கு பருக்கட்டும் என்று ஒடித்து வாய்க்காலோரம் குவித்திருப்பதாகவும் சொன்னார்.

"இருந்தாலும் உங்களைப் பாக்க கஷ்டமா இருக்கு பெரியவரே," என்றாள் யிக்கே. "தினமும் வர்றீங்க. அந்த அம்மாவும் அப்படித்தான், எழுந்திரிக்கவே மனசில்லாம உக்காந்திருந்தாங்க."

எந்த அம்மா என்று நான்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் என்றாள் அவள். கதவு திறந்ததும் வந்தார், சாத்தும்போதுதான் போனார். மகனாக இருக்க வேண்டும், இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் என்று இரண்டு தடவையும் அனுப்பிவிட்டார். முதலில் பாத்தியில் குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்த்துத்தான் பயிர்க்காரக் குடும்பம் என்று யிக்கே புரிந்துகொண்டாள். எங்கள் ஊரில் இது இன்னும் மொட்டாகத்தான் இருக்கிறது, இங்கே பூத்துவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்று சொன்னாராம். யாரையோ எதிர்பார்க்கிறார் என்று தெரிந்ததால் யிக்கே அதற்குமேல் பேச்சுக் கொடுக்கவில்லை.

"எந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்க?" என்றார் கிரைன்.

யிக்கே இருக்கையின் மறு ஓரத்தைக் காட்டினாள். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மெல்ல வேறு பாத்திக்குப் போய்விட்டாள். மிச்சமிருந்த கால் பாத்தியை அவள் அன்று தொடவில்லை.

கிரைன் உட்காரவில்லை. நின்றபடியே, "அவளுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றார். "அவ வேற மாதிரி நெனச்சிருக்கா. இத்தனை வருஷத்துல மாறியிருப்பான்னு."

திரும்பும் வழியில் நான் பல யோசனைகள் சொன்னேன். இன்றே போன் செய்யலாம். ஒரு கடிதம் எழுதலாம். நடந்ததை நடந்தபடி சொன்னால் புரிந்துகொள்ளாதவர் யார்? கிரைன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்; எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. தன் வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது மட்டும் சொன்னார்:

"போன்ல என்னன்னு சொல்றது வாத்தியாரே? அன்னிக்கு வராததுக்கு என்ன காரணமோ இன்னிக்கும் அதேதான்னா?"

அந்த வார ஞாயிறுதான் தோட்டத்துக்கு அந்த வருடத்தின் கடைசி நாள். மறுநாள் முதல் எல்லாக் கிழங்கையும் தோண்டி அகற்றத் தொடங்கிவிடுவார்கள். நான் எழுந்து ஜன்னல் திரையை விலக்கியபோது ஒன்பதரை மணி இருக்கும். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக, கையில் பாட்டுப் புத்தகத்தோடு, ஜனங்கள் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிர்த்திசையில் ஒரு சைக்கிள் வந்தது. கிரைன். அவர் ஒருவருக்கும் ஒதுங்கவில்லை, ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அவர் கடந்துபோன இடத்திலெல்லாம் பேச்சு நின்றது. அவருடைய மகள் தன் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி நடைபாதையில் நின்றுவிட்டாள். அவர் தொப்பியைத் தொட்டு மகளுக்கு வணக்கம் சொன்னார், தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல. ஐம்பது வருடமாக அவர் உட்கார்ந்த இடம் அன்று வெறுமையாக இருந்ததென்றும், போதகர் பிரசங்கத்தின் நடுவே இருமுறை அந்தப் பக்கம் பார்த்தாரென்றும் பிற்பாடு சொன்னார்கள்.

நான் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தூரத்தில் நிற்போம், தேவைப்பட்டால் அருகில் போவோம் என்று எண்ணம்.

அவர் இருக்கையின் மறு ஓரத்தில், யிக்கே காட்டிய இடத்தில், உட்கார்ந்திருந்தார். எதிரே பூவே இல்லாத பாத்தி. கடைசி நாள் என்பதால் கூட்டம் அதிகம். ஜனங்கள் அந்தப் பச்சைக் காம்புகளைப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று தங்கள் மொழிகளில் சொல்லிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போனார்கள். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் இந்தக் கிழவர் எதைப் பார்க்கிறார் என்று ஒரு பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நண்பகலில் காபி கொண்டுபோனேன். லிட்வின் வருவாரா என்று கேட்டேன்.

"வரமாட்டா," என்றார். "ரெண்டு தடவை காத்து நின்னவ. மூணாவது தடவை எதுக்கு வரணும்?"

அப்புறம் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவரே சொன்னார்.

"எவ்வளவு நேரம்னு பாக்குறேன். நான் கோயில்ல உக்காந்திருந்தது ஒன்றரை மணி நேரம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இங்க உக்காந்தா எவ்வளவு நீளம்னு இன்னிக்குத்தான் தெரியுது."

காபியை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. இரண்டு மணி அடித்தது. பிற்பகல் வெயில் குளத்திலிருந்து பாத்திக்கு ஏறியது. பாத்தியிலிருந்து அவர் காலுக்கு வந்தது. பிறகு பீச் மரத்துக்குப் பின்னால் போயிற்று. பெண்கள் வளைவில் திரும்பினார்கள், கடந்து போனார்கள். அவர் முதுகு ஒருமுறைகூட நிமிரவில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் முகம் தெரிகிற வரையில் பார்த்தார். எதிர்பார்ப்பே இல்லாத இடத்திலும் ஏக்கம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும் போலும்.

சாத்தும் மணி அடித்தபோது யிக்கே தள்ளுவண்டியோடு வந்தாள். வண்டியைப் பிடித்தபடி நின்றாள். கிரைன் எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டதால் என் தோளைப் பற்றினார்.

"உன் வண்டி வடக்க வரைக்கும் போகுமா?" என்றார்.

"போகும். திரும்பி வருமான்னுதான் தெரியாது."

"பரவால்ல. உன்னைத்தான் யாரும் தேடமாட்டாங்களே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமையில் அவர் காரில் ஏறியது அதுவே முதல்முறை. ஹார்லெமைக் கடக்கும்வரை இரண்டு கைகளையும் மடியில் வைத்து, விருந்துக்கு வந்த சிறுவனைப்போல உட்கார்ந்திருந்தார். சாலையின் இருபுறமும் எங்கள் பக்கத்து வயல்கள். எல்லாம் தலை கொய்த வயல்கள். பச்சை, பச்சை, வேறு நிறமில்லை. வாய்க்கால் ஓரங்களில் கொய்த பூக்கள் குவியலாக வாடிக் கிடந்தன. அல்க்மாரைத் தாண்டியதும் கடற்காற்று கார்க் கதவை அடித்தது. அங்கே முதல் நிறம் தெரிந்தது: வயலின் ஒரு மூலையில் மட்டும் கொய்யாமல் விட்ட சிவப்பு. இன்னும் கொஞ்ச தூரம் போனால் பாதி வயல். ஸ்காகென் தாண்டினால் முழு வயல். மஞ்சளும் ஊதாவுமாக, இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் ஊர் இருந்தபடி. கிரைன் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினார். ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரு நாள் பின்னோக்கிப் போவதுபோல இருந்தது. நான் அதைச் சொல்ல நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

பண்ணையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பெயரைக் கேட்டதும் முதல் ஆளே கை நீட்டினார். எட்டரை மணி. சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வீட்டு வாசலில் காரைக் கண்டு மகன் வெளியே வந்தான். நாற்பது வயதுக்குள் இருப்பான், பரந்த தோள். யார் என்று கேட்டான். கிரைன் தன் பெயரைச் சொன்னார். அவன் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். அம்மா வயலில் இருக்கிறார், சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு சுற்று நடப்பார் என்று சொன்னான். பிறகு, போன வாரம் நான்தான் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன், எனக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, வேறு நாள் கூட்டிப்போக முடியவில்லை என்றான். அதை ஒரு மன்னிப்பைப்போலச் சொன்னான். கிரைன் அவன் கையைப் பற்றிக் குலுக்கினார்; தேவைக்கும் அதிகமான நேரம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். அதற்கு அப்பால் வயல். விற்பனைக்கான வகைகளுக்கெல்லாம் கடைசியில், மணல்மேட்டை ஒட்டி, நான்கே நான்கு வரிசை கடைசி மெழுகுவர்த்தி. வருமானத்துக்காக அல்ல என்பது பார்த்தாலே தெரிந்தது. வரிசைகளுக்கிடையே ஒரு பெண் குனிந்து நின்றிருந்தார். நரைத்த முடியைக் காற்று கலைத்துக்கொண்டிருந்தது. இலையொன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது எங்களைக் கண்டார்.

நான் வாய்க்காலைக் கடக்கும் பலகையிலேயே நின்றுகொண்டேன். கிரைன் போனார். வரிசையை மிதிக்காமல், பயிர்க்காரன் நடக்கிறபடி, ஒரு காலுக்கு முன் ஒரு காலை வைத்துப் போனார். நான்கு அடி தூரத்தில் நின்றார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் அவர்கள் பேச்சு எனக்குக் கேட்டது.

லிட்வின் சொன்னார்:

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கிரைன்."

"தெரியும்."

"வண்டியில வந்தியா?"

"வாத்தியார் கூட்டிட்டு வந்தார். அதுக்கு முன்னால தோட்டத்துல இருந்தேன். காலையிலேருந்து."

லிட்வின் கையில் ஒட்டியிருந்த மண்ணை ஆடையில் மெல்லத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்," என்றார் கடைசியில். குரலில் கோபமில்லை.

"ஆமா. ரொம்ப நேரம்தான்," என்றார் கிரைன்.

அவர் குனிந்து செடிகளைப் பார்த்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். நான்கு வரிசையிலும் ஒரு பூவும் விரிந்திருக்கவில்லை. எல்லாம் பச்சை மொட்டு. நுனியில் மட்டும், நகக்கண் அளவுக்கு, வெள்ளை.

"இன்னும் மூணு நாளாவது ஆகும்," என்றார் லிட்வின். "காத்து இப்படியே அடிச்சா நாலு. அப்பவும் நல்லாப் பூக்கும்னு சொல்ல முடியாது. இந்த மண்ணுல சில வருஷம் மொட்டாவே காஞ்சிரும்."

"இலை நல்லாத்தான் இருக்கு," என்றார் கிரைன்.

அவர் மண்டியிட்டு, ஒரு செடியின் அடியில் மண்ணை விரலால் விலக்கி ஈரம் பார்த்தார். லிட்வினும் மறுபக்கத்தில் மெல்ல உட்கார்ந்து அதே செடியைப் பார்த்தார். ஈரம் போதுமா, போதாதா என்று அவர்களுக்குள் ஏதோ பேச்சு நடந்தது. நான் காருக்குத் திரும்பி வந்துவிட்டேன். மகன் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தான். இரவு இருவரும் இங்கேயே தங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்டான். எனக்குத் திங்கட்கிழமை வேலை ஒன்றுமில்லை என்றாலும், வேலை இருக்கிறது என்று சொல்லி, தனியாகவே கிளம்பினேன்.